வளையல் இறுகிய வாரம்

வளைகாப்பன்று போட்ட கண்ணாடி வளையல்கள் கையில் தாராளமாக உருண்டன. மூன்றே வாரத்தில் நகர மறுத்தன. கழற்றப் பார்த்தால் தோலில் தடம் விழுந்தது. "சதை போட்டிருக்கு, நல்லதுதானே" என்றார் அம்மா. நானும் நம்பினேன். தலைவலியை வெயில் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

31ஆம் வாரச் செக்கப்பில் பிரஷர் 160/110. சிறுநீரில் ஆல்புமின். அன்றே அட்மிட். ஸ்கேனில் குழந்தையின் தலை ஓரளவு சரியாக இருந்தது. வயிறு மட்டும் 28 வார அளவிலேயே நின்றுவிட்டிருந்தது. டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நன்றாக விரிய வேண்டும். எனக்கு அவை விரியவில்லை. வருகிற ரத்தம் குறைந்தால், குழந்தை இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பிவிடுமாம். கல்லீரல் மெலியும், வயிறு சுருங்கும். சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைவதால் பனிக்குட நீரும் குறையும். நான் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே என் மகள் அரைப்பட்டினி. அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு, ஒருநாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள். 33ஆம் வாரம் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் மோசமாகவே சிசேரியன் செய்தார்கள். எடை 1,350 கிராம். என் உள்ளங்கைக்குள் அவள் இரண்டு பாதங்களும் அடங்கின. பல நாள் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கர்ப்பிணிகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் விடாமல் சொல்கிறேன். கால் வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் திடீரென வீங்கினால் காத்திருக்காதீர்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரை பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடாதீர்கள். லேபெட்டலால் போன்றவை கர்ப்பிணிகளுக்கே கொடுப்பவை. அதற்காக, ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள் பழைய மாத்திரையை அப்படியே தொடரவும் கூடாது. சில மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் டாக்டர் சொல்லி, 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தேன். மகன் 38 வாரத்தில் பிறந்தான்.

செக்கப்பில் நர்ஸ் "நார்மல்" என்று சொன்னாலும் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். 140/90ஐத் தொட்டால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.