பருத்திக்கு ஒரு கண்ணாடிக் கவசம்

பருத்தித் துணியில் தீப்பொறி பட்டால் சில நொடிகளில் சுடர் பரவிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். உண்மையில் அங்கே எரிவது எது?

பருத்தி இழையின் பெரும்பகுதி செல்லுலோஸ். ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சிதைந்து, எரியக்கூடிய ஆவிகளை வெளியிடுகிறது. அந்த ஆவிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிவதே சுடர். சுடரின் வெப்பம் அடுத்த இழைகளைச் சிதைக்கிறது. அவற்றின் ஆவியும் எரிகிறது. இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டால் தீ பரவாது.

அதற்கு உதவும் இயற்கைக் கனிமம் ஒன்று உண்டு. நகையைப் பற்றவைக்கும்போது பொற்கொல்லர் பயன்படுத்தும் வெண்காரமே அது! லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் அருகே அது படிந்து கிடக்கிறது. நாடக அரங்குத் துணிகள் தீப்பற்றாமல் காக்க வழி தேடிய பிரெஞ்சு அறிவியலர் கே-லுசாக், வெண்காரமும் சில அம்மோனியம் உப்புகளும் பயன்படும் என்று 1821-இல் காட்டினார்.

வெண்காரக் கரைசலில் தோய்த்து உலர்த்திய துணியைத் தீ நெருங்கினால் என்ன நிகழும்? வெண்காரப் படிகத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் வெண்காரம் பொங்கி உருகி, இழைகளின்மேல் கண்ணாடி போன்ற படலமாகப் படர்ந்து காற்றைத் தடுக்கிறது. செல்லுலோஸும் எரியும் ஆவியாக மாறுவது குறைந்து, கரியாக மாறுவது மிகுகிறது.

எனினும் சுடர் அணைந்த பின்னும் கரிந்த விளிம்பு கனன்றுகொண்டே இருக்கலாம். கனலை அடக்குவதில் போரிக் அமிலம் சிறந்தது. எனவே எடையில் 7 பங்கு வெண்காரத்துடன் 3 பங்கு போரிக் அமிலம் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம்.

அப்படியானால் நம் உடைகளையெல்லாம் இதில் தோய்த்துவிடலாமா? கூடாது. இவை இரண்டும் நீரில் கரைபவை. துணியை அலசினால் கவசமும் கரைந்து போய்விடும். அது போனது கண்ணுக்கும் தெரியாது. காப்பு இருப்பதாக நம்பி அடுப்பருகே நிற்பது, காப்பே இல்லாமல் நிற்பதைவிட ஆபத்தானது. அன்றியும், போரான் சேர்மங்கள் மிகுதியாக உடலுக்குள் சென்றால் தீங்கு செய்யும்.

இந்தக் குறையைப் போக்க, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வேதியியலர் பெர்க்கின் ஒரு வழி கண்டார். துணியை முதலில் சோடியம் ஸ்டானேட் கரைசலிலும், உலர்த்திய பின் அம்மோனியம் சல்பேட் கரைசலிலும் தோய்த்தார். இரண்டும் வினைபுரிந்து, நீரில் கரையாத வெள்ளீய ஆக்சைடு இழைக்குள்ளேயே படிந்தது, சலவையையும் தாங்கியது.

எனவே, ஒரு பூச்சு தீயைத் தடுக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. பத்துச் சலவைக்குப் பின்னும் தடுக்குமா என்றும் கேளுங்கள்!