அயல்நாட்டுத் தொலைபேசி: அளந்து பேசினால் ஆதாயம்



ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல். சரக்கை அளக்கிறோம், சாக்கை எண்ணுகிறோம், லாரி வாடகைக்கு நான்கு இடத்தில் விலை கேட்கிறோம். ஆனால் வெளிநாட்டுக்குப் பேசும் தொலைபேசிச் செலவை அளந்து பார்ப்பவர் நம்மில் குறைவு. அளந்து பார்ப்பவரும் நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்பதோடு நின்றுவிடுகிறார். அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன்.

1993-இல் பருப்பு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சிங்கப்பூர்த் தரகரிடம் பேச வேண்டுமானால் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துக்கு முதலாளி என்னையும் அழைத்துச் செல்வார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும்போது நெஞ்சு படபடக்கும். முதலாளியோ பதறமாட்டார். கேட்க வேண்டிய ஐந்து விஷயங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்பார். ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எதிரே குறித்து, விலையையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே ரிசீவரை வைப்பார்.

2014-இல் நானே கடை நடத்தி வந்தேன். மிகக் குறைந்த கட்டணம் என்று விற்ற ஓர் இணைய அழைப்புச் சேவையை வாங்கி, அதே சிங்கப்பூருக்கு பர்மா உளுந்து விலை கேட்டேன். குரல் விட்டு விட்டு வந்தது. தரகர் ஆங்கிலத்தில் சொன்னது டன்னுக்கு 850 டாலர். என் காதில் விழுந்தது 815. துண்டுச் சீட்டும் இல்லை, திருப்பிச் சொல்லவும் இல்லை. இரண்டு கன்டெய்னர், 48 டன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒப்பந்தத் தாள் வந்தபோது வித்தியாசம் 1,680 டாலர். டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு இலட்சத்துக்கு மேல். பழைய பழக்கம் என்பதால் தரகர் பாதியைத் தாங்கிக்கொண்டார். அந்த அழைப்பில் நான் மிச்சப்படுத்தியது முப்பது ரூபாய் இருக்கலாம்.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த செலவு என்பது குறைந்த நிமிடக் கட்டணம் மட்டுமன்று. எதிர்முனையில் இருப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டுக்குப் பொருந்தும் வழியில், ஒரே அழைப்பில் பேச்சு முடிய வேண்டும். அதுவே சிக்கனம்.

கட்டணம் எதனால் ஆகிறது?

1986 ஏப்ரல் 1-இல் தொடங்கப்பட்ட விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் கையில்தான் நம் நாட்டின் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பு முழுவதும் இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் அந்தத் தனியுரிமை நீங்கியது. அன்று முதலே இணையம் வழியாக வெளிநாட்டுக்குப் பேசுவதும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் செயல்படத் தொடங்கியது. பிறகு வேறு கேபிள்களும் வந்தன. போட்டியும் கேபிளும் சேர்ந்து விலையை இறக்கின.

கடலைத் தாண்டும் செலவு இன்று மிகச் சிறிது. அந்த நாட்டில் உள்ள தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வாங்கும் முடிவுக் கட்டணமே பெரிது. இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு அழைப்புக்கு நம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 பிப்ரவரியில் இதை நிமிடத்துக்கு 30 பைசாவாக வைத்தது. 2020 மே முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசா வரை என்று வரம்பு கட்டியது. ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தத் தொகை மாறும். தூரத்து நாட்டுக்குக் கட்டணம் குறைவாகவும் பக்கத்து நாட்டுக்கு அதிகமாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

மூன்று வழிகள்

1. நேரடி ஐ.எஸ்.டி.: எதிர்முனையில் இணையம் தேவையில்லை. தரைவழித் தொலைபேசிக்கும் போகும். சிறப்புப் பொதி போடாவிட்டால் கட்டணம் அதிகம். அவசரத்தில் தேடாமல், உங்கள் இணைப்பில் இந்த வசதி திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

2. செயலியிலிருந்து செயலிக்கு: வாட்ஸ்அப் போன்றவை. முடிவுக் கட்டணம் இல்லாததால் இணையச் செலவு மட்டுமே. தொலைபேசிக் குரலைச் சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்கு 64 கிலோபிட். இரு பக்கமும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்.பி. சுருக்கி அனுப்பும் செயலிகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு ஜி.பி.யில் ஆயிரம் நிமிடம் வரை பேசலாம் என்று மதிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரிடமும் அதே செயலி இருக்க வேண்டும்.

3. இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசிக்கு: முன்பணம் கட்டி, அதிலிருந்து நிமிடக் கணக்கில் கழிப்பது. 2003-இல் வந்த ஸ்கைப் இதில் பெயர் பெற்றது. 2025 மே 5-இல் அது மூடப்பட்டது. அத்தனை பெரிய சேவையே நின்றது என்பதை நினைவில் வைத்து, எந்தச் சேவையிலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் முன்பணம் போடாதீர்கள்.

எந்த நாட்டுக்கு எது?

சிங்கப்பூர் (65), மலேசியா (60), இலங்கை (94): செயலி அழைப்பே போதும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. நாம் கடை திறந்து பத்து மணிக்கு அழைத்தால் அங்கே பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். எட்டு மணிக்கு அழையுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் (971): வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், குரல் அழைப்பு நீண்டகாலமாகத் தடுக்கப்பட்டுள்ளது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியையோ, நேரடி ஐ.எஸ்.டி.யையோ நாட வேண்டும். குறுக்கு வழி காட்டி, அங்குள்ள வாடிக்கையாளரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். 2022 ஜனவரி முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் வெள்ளியும் விடுமுறை.

சீனா (86): அங்கே வாட்ஸ்அப் 2017 முதல் தடுக்கப்பட்டுள்ளது. அங்குள்ளோர் பயன்படுத்தும் வீசாட் செயலியை நம் அரசு 2020 ஜூனில் தடை செய்தது. சில ஏற்றுமதிக்காரர்கள் வேறு ஏற்பாட்டில் வாட்ஸ்அப் வைத்திருப்பார்கள். அதை மட்டும் நம்பிச் சரக்குக்குப் பணம் கட்டக் கூடாது. அலுவலக எண்ணும் மின்னஞ்சலும் கட்டாயம் வேண்டும்.

மியான்மர் (95): பருப்பு வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பின்போது தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. அன்று யாங்கூன் செயலி எண் ஒன்றை மட்டும் வைத்திருந்தவர் கை பிசைந்தார். தரைவழி எண்ணும் சிங்கப்பூர் முகவர் எண்ணும் வைத்திருந்தவருக்கு இன்னொரு வாசல் இருந்தது.

ஆக, ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்குக்கும் பேரேட்டில் இரண்டு வழிகளைக் குறித்து வையுங்கள்.

பொதி போடலாமா? ஒரு பயிற்சி

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பொதி இல்லாமல் நிமிடம் 10 ரூபாய். 200 ரூபாய்க்குப் பொதி போட்டால் நிமிடம் 2 ரூபாய். மிச்சம் நிமிடத்துக்கு 8 ரூபாய். 200-ஐ 8-ஆல் வகுத்தால் 25. மாதம் 25 நிமிடத்துக்கு மேல் பேசுபவருக்கே பொதி ஆதாயம். 60 நிமிடம் பேசினால் 600-க்குப் பதில் 320 ரூபாய். 20 நிமிடமே பேசினால் 200-க்குப் பதில் 240 ரூபாய். உங்கள் நிறுவனத்தின் இன்றைய விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

அத்துடன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நிமிடக் கணக்கா, வினாடிக் கணக்கா? நிமிடக் கணக்கானால் 61 வினாடிக்கு இரண்டு நிமிடக் கட்டணம். அடுத்து, இணைப்பு கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கிறதா? தொலைபேசிச் சேவைக்கு வரி 18 விழுக்காடு. பதிவு பெற்ற வணிகர், தொழிலுக்கான இணைப்பை நிறுவன எண்ணில் வைத்து முறையான பில் பெற்றால், உள்ளீட்டு வரி வரவு கோரலாம். சொந்தப் பெயரில் ரீசார்ஜ் செய்து பில் வாங்காதவர் அதை இழக்கிறார்.

மலிவின் பின்னே நிற்கும் கேடுகள்

ஒன்று: அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்காதீர்கள். அழைப்பவரிடம் கூடுதல் கட்டணம் கறக்கும் எண்ணாக இருக்கலாம்.

இரண்டு: மாடி அறையை வாடகைக்குக் கேட்டு, "சும்மா ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறோம், இணைய இணைப்பு மட்டும் கொடுங்கள்" என்று யாரேனும் வந்தால் எச்சரிக்கை. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, பல சிம் அட்டைகள் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றும் கள்ளத் தொலைபேசி நிலையமாக அது இருக்கலாம். முடிவுக் கட்டணத்தை ஏமாற்றும் தந்திரம் இது, கடுங்குற்றம். காவல்துறை வந்தால் இடம் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அழைக்கும்போது திரையில் நம் நாட்டு எண் தோன்றினால், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரிவிக்கலாம்.

மூன்று: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் பணம் போடுங்கள்" என்று செய்தி வந்தால், செய்தி வந்த எண்ணுக்குப் பேசாதீர்கள். பேரேட்டில் உள்ள பழைய எண்ணுக்கு ஐ.எஸ்.டி.யில் பேசி, பழகிய குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். அந்த அழைப்புக்கு ஐம்பது ரூபாய் ஆனாலும் அதுவே மலிவு. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 எண்ணை அழையுங்கள்.

நாள்தோறும் கடைப்பிடிக்க

1. அழைக்கும் முன் கேட்க வேண்டியதை எழுதுக.
2. விலையை இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் கேட்க: எட்டு, ஐந்து, சுழி.
3. குரல் தெளிவில்லை என்றால் விலை பேசாதீர். வேறு வழியில் அழைக்க.
4. பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் சரக்கு, தரம், அளவு, விலை, தேதி ஐந்தையும் எழுத்தில் அனுப்பி "சரி" என்று பதில் பெறுக.
5. மாதக் கடைசியில் தொலைபேசிச் செலவை நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்க.

பூத்துகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரும் இல்லை. மீட்டர் ஓடவில்லை என்பதால் நாம் கவனமின்றிப் பேசப் பழகிவிட்டோம். என் முதலாளியின் துண்டுச் சீட்டை 2014-க்குப் பிறகு மீண்டும் கையில் எடுத்தேன், இன்றுவரை விடவில்லை. கடையில் பையன்களுக்கும் அதையே பழக்கியிருக்கிறேன். உறுப்பினர்களும் நாளை காலை முதல் அழைப்பிலேயே தொடங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.