அப்பாவின் புல்லட்டுக்கு ஷாக் அப்சார்பர்

அப்பா தோல் வியாபாரத்துக்கு ஓட்டிய பழைய புல்லட், பின் ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. மாற்றவா, பழுது பார்க்கவா? ஏலகிரி பக்கம் மண் பாதையில் ஓட்ட ஆசை.
– ஒரு வாசகர், ஆம்பூர்

தாராளமாக ஓட்டலாம். 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் டிரயல் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டின் முன்மாதிரி வண்டிகளும் ஓடின. அவற்றில் இருந்த ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் அப்போது புதுமை!

முதலில் ஷாக்கின் ராடைப் பாருங்கள். உப்புத் தோல் மூட்டை ஏற்றிய வண்டி என்றால் குரோமில் துருப்புள்ளிகள் இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்த ராடு, எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் அறுத்துவிடும்; ஷாக்கை மாற்றுவதே வழி. ராடு வழவழப்பாக, மேல்மூடி திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் சீல், புஷ், எண்ணெய் மாற்றினால் போதும். எண்ணெய் ஊற்றியபின் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, ராடை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இடையில் எங்கும் தளராமல் சீரான இறுக்கம் வரும்வரை காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் இல்லாமல் கழற்றவே கூடாது, முகத்தில் தெறிக்கும்.

புதிதாக வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள். மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ்த்துளை நடுவரை அளந்து, அதே நீளம் கேளுங்கள். தனியாகத்தான் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்பிரிங்கை மிக மென்மையான படியில் வையுங்கள். மண்ணில் பின்சக்கரம் துள்ளாமல் பிடிக்கும்.