வீட்டு விமானிக்கு ஒரு கட்டுப்பாட்டுக் குரல்

ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் வீட்டுக் கணினி முன் அமர்ந்து விமானம் ஓட்டிப் பழகும் அன்பர்கள், ஃப்ளைட் சிமுலேட்டருடன் வரும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் குரலில் திருப்தியின்றித் தனி மென்பொருள் வாங்க உத்தேசிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• 2001-இல் தோன்றிய வாட்சிம், மனிதர்களே தொண்டாகக் கட்டுப்பாட்டாளராய் அமர்ந்து பேசும் இலவச வலையமைப்பாதலின், பணம் செலவிடுமுன் அதனைப் பரீட்சித்தல் நலம்; ஆயினும் ஆக்லாந்து கோபுரத்தில் எந்நேரமும் ஆள் இருப்பார் என்று எதிர்பார்த்தல் ஆகாது.

• நினைத்த நேரத்தில் தனியே பறக்க விரும்புவோர்க்குச் செயற்கை நுண்ணறிவால் பேசும் பியாண்ட்ஏடிசி, சேஇன்டென்ஷன்ஸ் போன்றவை அனுகூலமே. மாதச் சந்தாவா, ஒரே விலையா என்பதை முன்னரே விசாரித்தறிக.

• கோபுரமே இல்லாத டெய்ரி ஃப்ளாட் விமானத்தளத்தில், விமானி தன் இருப்பிடத்தைத் தானே வானொலியில் அறிவிப்பதே முறையாதலின், அங்கே இறங்க அனுமதி வழங்கும் மென்பொருள் இவ்வட்டாரத்தை அறியாதது எனக் கொள்க.