சொல்லே படமாகும்

உங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் ஜொகூர் இரயில் தடத்தைப் பற்றி ஓர் இணையப் பக்கம் தயாரிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சிகாமட், குளுவாங், கூலாய், ஜொகூர் பாரு ஆகிய நிலையங்களைக் கட்டங்களாக வரைந்து, அம்புக்குறிகளால் இணைத்து, ஒளிப்படம்போல் சேமித்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டீர்கள். அடுத்த ஆண்டு ஒருவர், “லாபிஸ் எங்கே?” என்று கேட்கிறார். சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையில் உள்ள ஊர் விடுபட்டிருக்கிறது! வரைந்த மாணவரோ பள்ளியை விட்டுச் சென்றுவிட்டார்; மூலக் கோப்பும் அவரோடு போய்விட்டது. முழுப் படத்தையும் புதிதாக வரைவதைத் தவிர வேறு வழியில்லை.

அதே படத்தை ஏறத்தாழ இப்படி எழுதி வைத்திருந்தால்?

சிகாமட் --> குளுவாங் --> கூலாய் --> ஜொகூர் பாரு

2014ஆம் ஆண்டில் உருவான மெர்மெயிட் போன்ற மென்பொருள் இத்தகைய வரிகளைப் படித்து, கட்டங்களையும் அம்புகளையும் தானே வரைந்துவிடும். ‘லாபிஸ்’ என்னும் ஒரு சொல்லையும் ஓர் அம்புக்குறியையும் சேர்த்தால் போதும், படம் திருந்திவிடும்.

படத்தைச் சொற்களாலும் குறியீடுகளாலும் விவரிப்பது தமிழருக்குப் புதிதன்று. சென்னை ஆய்வாளர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வாக்கியம் அமைக்க விதிகள் இருப்பதுபோல, குறியீடுகளை வரிசையும் நிரலுமாக அடுக்கிக் கோலம் அமைக்கவும் விதிகளை எழுதலாம் என்று காட்டினர். வாசலில் பாட்டி போடும் கோலம் கணினி அறிவியலுக்குள் நுழைந்த கதை அது.

மென்பொருள் வரையும் படத்தை எஸ்.வி.ஜி. என்னும் வெக்டர் வடிவில் சேமிக்கலாம். ஒளிப்படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ‘ணை’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் சுழிகள் மங்கிவிடும். வெக்டர் படமோ கோடுகளின் அளவையும் இடத்தையும் கூறும் குறிப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் திறன்பேசி அதை மறுபடியும் கூர்மையாக வரையும்.

நிலைத்த இணையத்தளத்தில் பக்கங்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டுச் சேவையகத்தில் வைக்கப்படுகின்றன. அப்போதே சொற்களைப் படமாக்கிவிட்டால், படிப்பவரின் திறன்பேசி அவ்வேலையைச் செய்ய வேண்டியதில்லை. இணைய வேகம் குறைந்த தோட்டப்புறத்தில் இது பெரிய உதவி.

ஆயினும், தமிழில் ஒரு சிக்கல் உண்டு. கட்டத்தின் அகலத்தை மென்பொருள் அங்குள்ள எழுத்துருவைக் கொண்டு கணக்கிடுகிறது. படிப்பவரிடம் வேறு எழுத்துரு இருந்தால், ‘ஜொகூர் பாரு’ கட்டத்தை விட்டு வெளியே நீண்டுவிடக்கூடும். எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிச் சிலர் இதைத் தவிர்க்கின்றனர். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடாக மாறிய ‘குளுவாங்’ தேடலில் அகப்படாது. பார்வையற்ற மாணவருக்கு அதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது எழுத்தாகத் தெரியாது.

எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பலாம். அப்பொழுது படத்தைத் தனிக் கோப்பாக ஒட்டாமல் பக்கத்தின் குறிமுறைக்குள்ளேயே பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு படத்தைச் சென்றடையாது. பதித்த பிறகு, பழைய திறன்பேசி ஒன்றில் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.