காற்று தெரியும், கரண்டு தெரியாது

இந்த மாதப் பாடத்துக்குச் 'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு' என்று தலைப்பு வந்தது. இந்தத் தலைப்பில் நாம எல்லாருமே ஆரம்பப்பள்ளியிலிருந்து கட்டுரை எழுதி வந்தவங்கதான். மரம் நடுவோம், நெகிழிப் பையைத் தவிர்ப்போம், நன்றி வணக்கம். அதையே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் படிப்பது மின்பொறியியல். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறேன். ஒரு பெரிய நகரத்து மக்களுக்கு விழிப்புணர்வு எப்படி வருகிறது? எந்த விஷயத்தில் அது வராமலே நின்றுவிடுகிறது?

இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் சீனா. 'சீனர்' என்றதும் பக்கத்து வீட்டு அங்கிளை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது பெய்ஜிங், ஷங்காய் போன்ற சீன நாட்டு நகரங்களில் வாழும் மக்களை. ஏறக்குறைய 10 ஆண்டுகளுக்குள் காற்றைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டது மிக அதிகம். அதே மக்களுக்கு அந்தக் காற்றைக் கெடுத்த எரிசக்தியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

ஒரு எண் செய்த வேலை

பெய்ஜிங்கில் குளிர்காலத்தில் வானம் சாம்பல் நிறமாவது புதிதல்ல. முன்பெல்லாம் அதை 'வூ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வூ என்றால் மூடுபனி. தூசும் புகையும் கலந்த மூட்டத்துக்கு 'மாய்' என்று தனிச்சொல் சீனத்தில் உண்டு, ஆனால் சாதாரணப் பேச்சில் அது அதிகம் வராது. மூடுபனி என்றால் யார் மீதும் குறை சொல்ல முடியாது பாருங்க, அது இயற்கை. புகைமூட்டம் என்றால் 'எங்கிருந்து வந்தது?' என்று கேள்வி வரும்.

2008-இல் பெய்ஜிங்கில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் வளாகத்தில் ஒரு கருவியை வைத்தது. அது அளந்தது பி.எம் 2.5 எனப்படும் நுண்துகள்களை. 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான விட்டம். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலோ தொண்டையிலோ நிற்காமல் நுரையீரலின் அடிவரைக்கும் போகக்கூடியது. அந்தக் கருவியின் அளவு மணிக்கொரு முறை டுவிட்டரில் வெளிவந்தது. 2010 நவம்பரில் குறியீடு 500-ஐத் தாண்டியபோது, 'பைத்தியக்கார மோசம்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் தானாகவே வெளியாகி உலகமெங்கும் செய்தியானது. நிரல் எழுதியவர் அப்படி ஓர் அளவு வரவே வராது என்று நினைத்து விளையாட்டாகப் போட்டு வைத்திருப்பார் போல. நிரல் எழுதும் தம்பி தங்கைகள் கவனிக்கவும்.

அப்போது சீன அரசாங்கம் மக்களுக்குச் சொன்ன கணக்கு பி.எம் 10, அதாவது பெரிய துகள்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே நாளில் ஒரு பக்கம் 'லேசான தூய்மைக்கேடு', இன்னொரு பக்கம் 'ஆபத்து'. 2011 நவம்பரில் பான் ஷியி என்ற வீடமைப்புத் தொழிலதிபர், வெய்போ தளத்தில் தன்னைப் பின்தொடர்பவர்களிடம் பி.எம் 2.5-ஐ அரசாங்கம் அளக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார். பல்லாயிரம் பேர் வாக்களித்தார்கள். வேண்டும் என்றவர்களே மிகப் பெரும்பான்மை. 2012-இல் புதிய காற்றுத்தர விதியில் பி.எம் 2.5 சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் அளவுகளை வெளியிடுவதை நிறுத்த வேண்டும் என்று சுற்றுச்சூழல் துணை அமைச்சர் கேட்டுக்கொண்டதும் நடந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்!

2013 ஜனவரியில் 74 நகரங்கள் உடனுக்குடன் அளவுகளை வெளியிடத் தொடங்கின. அதே மாதம் 12-ஆம் தேதி இரவு, தூதரகக் கருவி ஒரு கன மீட்டருக்கு 886 மைக்ரோகிராம் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குப் பரிந்துரைத்த அளவு அப்போது 25. அதன் பிறகு யாரும் 'வூ' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. பாட்டிமார்கூட காலையில் கைப்பேசியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பேரப்பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா என்று முடிவெடுக்கும் காலம் வந்தது. முகக்கவசத்தின் வடிகட்டும் திறன், காற்று வடிகட்டியின் அளவு எல்லாம் சாப்பாட்டு மேசைப் பேச்சானது. பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி 2013-இல் ஏறக்குறைய 90 மைக்ரோகிராம், 2017-இல் 58, 2021-இல் 33. இதில் அரசாங்க நடவடிக்கையின் பங்கு பெரியது. ஆனால் கையில் எண் இருந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நம்ம நாட்டிலும் இதைப் பார்த்திருக்கோம். சுற்றுலா பாதிக்கும் என்ற காரணத்தால் 1999-இலிருந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்கள் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை வந்தபோதுதான் அந்தத் தடை நீங்கியது. பி.எம் 2.5 நம் குறியீட்டில் சேர்ந்தது 2018-இல். இன்று புகைமூட்டம் வந்தால் முதலில் எண்ணைத்தானே தேடுகிறோம்?

ஷங்காயில் குப்பை விஷயமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 2019 ஜூலை 1 முதல் வீட்டுக் குப்பையை நான்காகப் பிரித்துப் போடுவது கட்டாயம், தவறினால் 200 யுவான் வரை அபராதம். மக்கள் மனப்பாடம் செய்ய ஒரு பன்றிக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். பன்றி சாப்பிடுவது ஈரக்குப்பை. பன்றிகூடச் சாப்பிடாதது உலர்குப்பை. சாப்பிட்டால் பன்றி செத்துப்போகும் என்றால் அபாயக் குப்பை. விற்றுப் பன்றி வாங்கலாம் என்றால் மறுசுழற்சி. தொட்டியருகே நின்று சரிபார்க்க ஆளும் இருந்ததால் வேகமாகப் பழகிவிட்டார்கள்.

மீட்டர் இல்லாத வெப்பம்

இப்போது என் துறைக்கு வருகிறேன். 2014-இல் பெய்ஜிங் நகரம் தன் சொந்தத் தூய்மைக்கேட்டின் மூலங்களை வெளியிட்டது. ஏறக்குறைய 31 விழுக்காடு வாகனங்கள், 22 விழுக்காடு நிலக்கரி எரிப்பு. அதாவது நகரத்துக்குள்ளேயே உண்டான துகளில் பாதிக்கு மேல் வண்டியிலும் நிலக்கரி எரிப்பிலும் இருந்து வந்தது. அப்படியென்றால் துகளைப் பற்றித் தெரிந்தவருக்கு எரிபொருளைப் பற்றியும் தெரிய வேண்டும் இல்லையா?

வடசீன நகரங்களில் குளிர்கால வெப்பம் பெரிய கொதிகலன்களிலிருந்து குழாய் வழியாக வீட்டுக்கு வருகிறது. பெய்ஜிங்கில் வழக்கமாக நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இது உண்டு, தெற்கே கிடையாது. 1950-களில் போட்ட கோடு அது. கட்டணம் எப்படி? பெரும்பாலான வீடுகளுக்கு இத்தனை சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. நீங்கள் எவ்வளவு வெப்பம் பயன்படுத்தினாலும் அதே காசு. பழைய கட்டடங்களில் ஒரே குழாய் மாடி மாடியாக இறங்கி வரும். நடுவில் ஒருவர் அடைத்தால் கீழ்வீட்டுக்காரருக்குக் குளிரும், அதனால் குறைக்க வால்வே வைப்பதில்லை. அறை அதிகமாகச் சூடாகிவிட்டால் என்ன செய்வார்கள்? சன்னலைத் திறந்துவிடுவார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, உள்ளே நிலக்கரியால் வந்த வெப்பம், நடுவே திறந்த சன்னல். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. குறைத்தால் பலன் தெரியாத ஏற்பாட்டில் யார்தான் குறைப்பார்கள்? வெப்பத்துக்கு மீட்டர் பொருத்தும் சீர்திருத்தம் 2003 முதல் பேசப்படுகிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. 2012 ஜூலையில் வீட்டு மின்சாரத்துக்குப் படிக்கட்டுக் கட்டணமும் வந்தது. பெய்ஜிங்கில் மாதம் 240 யூனிட் வரை ஒரு யூனிட் 0.4883 யுவான், அதாவது நம் காசில் சுமார் 30 சென். 400 யூனிட்டைத் தாண்டினால் 0.7883 யுவான். பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் படியே 80 விழுக்காட்டு வீடுகளை அடக்கிக்கொள்ளும்படிதான் திட்டமிடப்பட்டது. ஐந்தில் நான்கு குடும்பத்துக்குப் படிக்கட்டு இருப்பதே காலில் படாது.

புகைபோக்கி எங்கே போனது?

2017 மார்ச்சில் பெய்ஜிங் தன் கடைசிப் பெரிய நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்தியது. இப்போது நகருக்குள் எரிவாயு நிலையங்கள். நல்ல செய்தி, காற்று சுத்தமானது. ஆனால் நகரின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, ஷான்ஷி, உள் மங்கோலியா போன்ற நிலக்கரிப் பகுதிகளிலிருந்து கம்பி வழியாக வருகிறது. 2020-இல் ஜாங்பெய் பகுதியின் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவர 500 கிலோவோல்ட் நேர்மின் பாதையும் போட்டார்கள். அதை நான் ஆசையோடு படித்தேன், அருமையான பொறியியல். இருந்தாலும் 2023-இல் நாடு முழுவதும் எடுத்தால் மின்சாரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு நிலக்கரிதான். நகரத்து மனிதர் தன் சன்னலில் நீலவானத்தைப் பார்க்கிறார். கரி எரிவது அவர் பார்வைக்குப் பல நூறு கிலோமீட்டர் அப்பால்.

ஷியாமென் நகரத்தில் 2007-இல் இதுவே வேறு விதமாக நடந்தது. பாராசைலீன் ஆலை வருகிறது என்று குறுஞ்செய்தி வழியாகத் தகவல் பரவி, ஜூன் 1-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 'நடைப்பயிற்சி' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆலை கைவிடப்படவில்லை, அதே மாநிலத்தில் குலெய் தீபகற்பத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே 2013-லும் 2015-லும் வெடிவிபத்து நடந்தது. ஷியாமென் மக்கள் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் போடும் பாலியெஸ்டர் சட்டைக்கு மூலப்பொருளே பாராசைலீன்தான் என்பதை அந்தக் குறுஞ்செய்தி சொல்லியிருக்காது.

காற்றையும் எரிபொருளையும் சேர்த்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர் சாய் ஜிங், 2015 பிப்ரவரி 28-இல் 'கூரைக்குக் கீழே' என்ற பொருள்படும் ஆவணப்படத்தை இணையத்தில் வெளியிட்டார். நிலக்கரி, டீசல், எரிபொருள் தரத்தை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பது வரைக்கும் போனார். சில நாள்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் படம் சீனத் தளங்களிலிருந்து அகற்றப்பட்டது. காற்றின் எண் கைப்பேசியில் இருக்கலாம், எரிபொருளின் கணக்கைத் திறந்து பேசுவது அவ்வளவு சுலபமில்லை.

2021 செப்டம்பரில் அந்தக் கணக்கு தானாகவே வீட்டுக்குள் வந்தது. நிலக்கரி விலை ஏறியது, மின்கட்டணம் ஏறவில்லை. எரித்தால் நட்டம் என்பதால் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. வடகிழக்கில் வீடுகளுக்கே மின்வெட்டு. ஷென்யாங்கில் போக்குவரத்து விளக்குகள்கூட அணைந்தன. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கரி என்ன விலை என்று சாதாரண மக்கள் இணையத்தில் கேட்டுப் பேசிய நாள்கள் அவை. அக்டோபரில் அரசாங்கம் நிலக்கரி மின்சாரத்தின் விலை 20 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்று அனுமதித்தது. தொழிற்சாலைகளுக்குக் கட்டணம் மாறியது. வீட்டுக் கட்டணத்தை மட்டும் தொடவில்லை.

அடுத்த வகுப்புக்கு எல்லாரும் வீட்டு மின்கட்டண ரசீதைக் கொண்டு வாங்க. ஏர்கோனில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். வாட்டை மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். அந்த யூனிட் எந்த நிலையத்திலிருந்து, என்ன எரித்து வந்தது என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.