பட்டாம்பூச்சியைக் காயவைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க...

கே.ஜி.கண்டிகை பக்கம் கறிவேப்பிலை, எலுமிச்சை இருக்கும் தோட்டங்களில் எலுமிச்சை அழகியும், வேலியோர எருக்கில் வெந்தய வரியனும் சாதாரணமாகப் பறக்கும். சிறகு கெடாமல் செத்துக் கிடப்பவற்றைப் பதப்படுத்த ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்.

1. உயிரோடு பிடிக்கவே வேண்டாம். சோளிங்கர் சாலையில் வண்டியில் அடிபட்டதும், ஜன்னலோரம் செத்துக் கிடப்பதும், வீட்டில் புழுவிலிருந்து வளர்த்து ஆயுள் முடிந்ததுமே போதும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பல பட்டாம்பூச்சிகள் உள்ளன. அவற்றைச் செத்த பிறகும் எடுத்து வைக்கக் கூடாது. காப்புக் காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். இனம் தெரியாவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. சிறகில் விரல் படக் கூடாது. கையில் ஒட்டும் பொடிதான் அதன் நிறம். தட்டை முனைச் சாமணத்தால் எடுத்து, முக்கோணமாக மடித்த பட்டர் பேப்பரில் வையுங்கள்.

3. விறைத்துப்போனதை அப்படியே விரித்தால் சிறகு அடியோடு ஒடியும். மூடி போட்ட டப்பாவில் ஈரத் துணி விரித்து, இரண்டு சொட்டு டெட்டால் விடுங்கள், பூஞ்சை பிடிக்காது. துணிமேல் ஒரு சிறு மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் பூச்சியை வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் இளகிவிடும். தினமும் பாருங்கள், அதிக நாள் விட்டால் அழுகும்.

4. பொறுமை வேண்டிய இடம் இதுதான். தெர்மகோல் பலகையில் உடல் அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் கீறுங்கள். துருப்பிடிக்காத பூச்சி ஊசியை மார்பின் நடுவே நேராகக் குத்திப் பள்ளத்தில் இறக்குங்கள். முன்சிறகின் கீழ் ஓரம் உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை மெல்ல மேலே நகர்த்துங்கள். முன் ஓரத்துத் தடித்த நரம்புக்குப் பின்னால் ஊசி நுனியை வைத்துத் தள்ளினால் கிழியாது. பிறகு பின்சிறகு. இரண்டின்மேலும் பட்டர் பேப்பர் பட்டையைப் போட்டு, சிறகில் குத்தாமல் சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். உணர்கொம்புகளையும் இப்போதே சரிசெய்யுங்கள், காய்ந்தபின் தொட்டால் உடையும்.

5. நிழலில் இரண்டு வாரம் காயட்டும். எறும்பு ஒரே ராத்திரியில் உடலைத் தின்றுவிடும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள்.

6. ஊர், வட்டம், மாவட்டம், தேதி, எடுத்தவர் பெயர், எந்தச் செடி அருகே கிடந்தது என்று எழுதிய சிறு சீட்டை அதே ஊசியில் செருகுங்கள். சீட்டு இல்லாத பூச்சி வெறும் அலங்காரம். சீட்டு இருந்தால்தான், கே.ஜி.கண்டிகையில் இந்த மாதம் இது பறந்தது என்பதற்கு அது சாட்சி.

7. பெட்டி காற்றுப் புகாமல் மூட வேண்டும். உள்ளே பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் பொருத்துங்கள். அது தெர்மகோலை அரிக்கும் என்பதால், பெட்டியின் அடியில் தக்கை போடுங்கள். பாச்சை உருண்டை விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

8. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் வெளுக்கும். பூச்சியின் கீழே பொடி உதிர்ந்திருந்தால் வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். பாலிதீன் கவரில் இறுகக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள்.

9. கோயம்புத்தூர் போனால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சிறகை எந்த அளவுக்கு விரித்திருக்கிறார்கள் என்று அவர்களே பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.